ஆக்ஸிஜன் எந்தப் பக்கம் நகரும்?

கலவையில் உள்ள ஒரு வாயு எந்தத் திசையில் நகரும், வினையில் ஈடுபடுமா என்பதை முடிவு செய்யும் அளவு அதன் வேதிநிலையாற்றல். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாய்வதுபோல, ஒவ்வொரு பொருளும் தன் வேதிநிலையாற்றல் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர முற்படும். இரு பக்கமும் சமமானதும் நகர்வு நிற்கும். அமெரிக்க அறிவியலாளர் வில்லார்ட் கிப்ஸ் 1875 முதல் 1878 வரை வெளியிட்ட நீண்ட ஆய்வுரையில் இக்கருத்தை நிறுவினார். வெப்பநிலையும் அழுத்தமும் மாறாத ஒரு பெரிய கலவையில் ஒரு மோல் பொருளைச் சேர்க்கும்போது கட்டிலா ஆற்றல் எவ்வளவு கூடுகிறதோ, அதுவே அப்பொருளின் வேதிநிலையாற்றல்.

நல்லியல்பு வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதும் இல்லை, விலக்குவதும் இல்லை. எனவே கலவையில் வேறு எந்த வாயு இருக்கிறது என்பது ஒரு பொருட்டல்ல. பகுதி அழுத்தமும் வெப்பநிலையும் மட்டுமே கணக்கில் வரும். மொத்த அழுத்தத்தை மோல் பின்னத்தால் பெருக்கினால் கிடைப்பது பகுதி அழுத்தம். அதை 'பார்' அலகில் எழுதி, அதன் இயல் மடக்கையை வாயு மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கி, 1 பார் அழுத்தத்தில் அந்த வாயுவுக்கு உள்ள திட்ட மதிப்போடு கூட்டினால் வேதிநிலையாற்றல் கிடைத்துவிடும். காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்துவிட்டு அதே அளவு ஹீலியத்தை நிரப்பினாலும் ஆக்ஸிஜனின் மதிப்பு மாறாது.

பெங்களூருவின் அடுகோடியிலும் சென்னையிலும் காற்றில் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். ஆனால் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 91 கிலோபாஸ்கல், சென்னையில் 101. ஆகவே ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் சென்னையில் 21 கிலோபாஸ்கல், அடுகோடியில் 19. 25 டிகிரி செல்சியஸில் கணக்கிட்டால், அடுகோடி ஆக்ஸிஜனின் வேதிநிலையாற்றல் மோலுக்குச் சுமார் 0.27 கிலோஜூல் குறைவு. விழுக்காடு ஒன்றாக இருந்தாலும் வேதிநிலையாற்றல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

1 பார் அழுத்தத்தில் உள்ள தூய ஆக்ஸிஜனோடு ஒப்பிட்டால், அதே மொத்த அழுத்தமுள்ள காற்றில் கலந்திருக்கும் ஆக்ஸிஜனின் மதிப்பு மோலுக்கு 3.9 கிலோஜூல் தாழ்ந்தது. வாயுக்கள் தாமாகவே கலப்பதற்கு இதுவே காரணம். நல்லியல்பு வாயுக்கள் கலக்கும்போது வெப்பம் வெளிப்படுவதில்லை, உறிஞ்சப்படுவதும் இல்லை. கூடுவது என்ட்ரோபி மட்டுமே. கலந்ததைத் திரும்பப் பிரிக்க வேண்டுமானால் அந்த வேறுபாட்டை வேலையாகக் கொடுத்தாக வேண்டும். காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரிக்கும் ஆலைகள் இந்தக் குறைந்தபட்ச அளவைப்போலப் பல மடங்கு ஆற்றலைச் செலவிடுகின்றன.

வேதிநிலையாற்றலை நேரடியாக வோல்ட்டில் காட்டும் கருவியும் உண்டு. அடுகோடியில் ஸ்பார்க் பிளக், டீசல் பம்ப் ஆகியவற்றால் பெயர்பெற்ற 'மைக்கோ' நிறுவனம் 1951இல் தொடங்கியது. 2008இல் போஷ் லிமிடெட் ஆனது. அதன் ஜெர்மானியத் தாய் நிறுவனம் 1976இல் கார்களுக்காக உற்பத்தியைத் தொடங்கிய கருவி லாம்டா சென்சார். மெக்கானிக்குகளுக்கு அது ஆக்ஸிஜன் சென்சார். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பைக்குகளின் புகைக்குழாயிலும் அது இடம்பெற்றுள்ளது.

சென்சாரின் நடுவில் இருப்பது இட்ரியா சேர்த்த சிர்கோனியா பீங்கான். சூடேறியதும் ஆக்ஸைடு அயனிகள் அதனூடே நகரும். பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரு பக்கமும் பிளாட்டினப் பூச்சு. இரு பக்க ஆக்ஸிஜனின் வேதிநிலையாற்றல் வேறுபாட்டை ஃபாரடே மாறிலியின் 4 மடங்கால் வகுத்தால் மின்னழுத்தம் வரும். ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு இரண்டு அயனிகளாக மாற நான்கு எலக்ட்ரான்கள் தேவை என்பதால்தான் அந்த 4. இந்தக் கணக்கீடே நெர்ன்ஸ்ட் சமன்பாடு.

பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் எரிந்தால் புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சும். அதன் பகுதி அழுத்தம் 0.01 பார் என்றால், 700 டிகிரி செல்சியஸில் கிடைப்பது சுமார் 0.06 வோல்ட். பெட்ரோல் கூடிவிட்டால் 0.9 வோல்ட் வரை உயரும். இந்த 0.9 வோல்ட்டுக்கு உரிய பகுதி அழுத்தம் ஏறத்தாழ ஒரு பாரில் இரண்டு லட்சம் கோடிக் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு மூலக்கூறுகூட இருக்காது. கருவி அந்த மூலக்கூறுகளை எண்ணவில்லை. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடும் கார்பன் டை ஆக்ஸைடும் பிளாட்டினத்தின் மேல் சமநிலைக்கு வந்து ஆக்ஸிஜனின் வேதிநிலையாற்றலை நிர்ணயிக்கின்றன. காற்றும் பெட்ரோலும் சரியாக 14.7க்கு 1 என்ற எடை விகிதத்தைக் கடக்கும் இடத்தில் மின்னழுத்தம் சட்டென்று தாவுவதும் இதனால்தான். அந்தத் தாவலைப் பார்த்தே எஞ்சினின் கணினி எரிபொருளைக் கூட்டுகிறது, குறைக்கிறது.

மிக உயர்ந்த அழுத்தத்திலும் மிகக் குறைந்த வெப்பநிலையிலும் மூலக்கூறுகளுக்கிடையிலான ஈர்ப்பைப் புறக்கணிக்க முடியாது. அங்கே பகுதி அழுத்தத்தின் இடத்தில், கில்பர்ட் லூயிஸ் 1901இல் அறிமுகப்படுத்திய 'ஃபுகாசிட்டி' என்ற திருத்திய அழுத்தத்தை வைப்பார்கள். சமன்பாட்டின் வடிவம் அப்படியே இருக்கும். சாதாரணக் காற்றுக்கும் வண்டிப் புகைக்கும் அந்தத் திருத்தம் தேவைப்படுவதில்லை.