எட்டு ஆறுகளில் ஒன்று மட்டும் வரவில்லை

திருப்பூர் நல்லூரைத் தாண்டிக் காங்கயம் சாலையில் போனால், பனியன் கம்பெனிகள் குறையக் குறைய, கிளுவை வேலி கட்டிய கொரங்காடுகளும் தென்னந்தோப்புகளும் தொடங்கும். அதற்கும் அப்பால் வெள்ளகோவில். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) பாசனத்தின் கடைமடை இதுதான். பங்குத் தண்ணீர் முழுசாக வந்து சேரவில்லை என்று காங்கயம், வெள்ளகோவில் விவசாயிகள் அண்மை ஆண்டுகளில் பலமுறை போராட்டத்தில் இறங்கியிருக்கிறார்கள். தலைமடைக்காரர்கள் உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் புகார். அதில் உண்மை உண்டு. ஆனால், மூல காரணம் மலைக்கு மேலே இருக்கிறது.

1961 அக்டோபரில் பிரதமர் நேரு தொடங்கி வைத்தது பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். அப்போது காமராஜர் முதல்வர். ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, பாலாறு என எட்டு ஆறுகளை இணைத்து, கொங்குச் சீமையின் மானாவாரி நிலத்துக்குத் திருப்புவதுதான் கணக்கு. ஏழு ஆறுகள் இணைந்துவிட்டன. ஆனைமலையாறு மட்டும் வரவில்லை. அந்த நீரை அடிவாரத்தில் வாங்கித் தேக்க வேண்டிய நல்லாறு அணையும் எழவில்லை.

தண்ணீர் இப்போது வரும் வழியைப் பார்த்தால் நல்லாறு ஏன் வேண்டும் என்பது விளங்கும். நீராற்றுத் தண்ணீர் சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு என்று மலைக்குள்ளேயே சுற்றுகிறது. பிறகு சர்க்கார்பதி மின் நிலையத்தில் இறங்கி, சரிவை ஒட்டிச் செல்லும் 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் ஓடித் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் பாறை சரிந்து கரை உடைந்தால், அத்தனை பேருக்கும் தண்ணீர் நின்றுபோகும். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் ஒரு மதகு பெயர்ந்து விழுந்தது. பாசனத்துக்கு வைத்திருந்த நீர் சாலக்குடி ஆற்றில் போய்க்கொண்டே இருந்தது; தடுக்க வழியில்லை. ஒரே பாதையை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்கு எல்லோரும் பார்த்தார்கள். நல்லாறு திட்டம் இந்தச் சுற்று வழியையே தவிர்க்கிறது: கீழ்நீராற்றிலிருந்து மலையைக் குடைந்து நேர் சுரங்கம், இறங்கும் வழியில் மின்சாரம், அடிவாரத்தில் அணை.

ஆனைமலையாற்றில் கிடைக்கக்கூடியது 2.5 டி.எம்.சி. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் திருமூர்த்தி அணையின் முழுக் கொள்ளளவே 1.93 டி.எம்.சி.தான்! அந்த அணையை நம்பியிருக்கும் ஆயக்கட்டு 3.77 லட்சம் ஏக்கர். நீர் போதாததால் நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் முறை வருகிறது. ஒரு மண்டலம் ஏறக்குறைய 94 ஆயிரம் ஏக்கர். அதன் மேல் 2.5 டி.எம்.சி.யைப் பரப்பினால் சுமார் ஏழு அங்குலம் நிற்கும். ஒரு போக மக்காச்சோளத்துக்குத் தேவைப்படும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. வழியில் ஆகும் சேதாரத்தைக் கழித்தாலும், காயும் பயிருக்குக் கடைசி இரண்டு சுற்று கிடைப்பதும் கிடைக்காததும் விளைச்சலையே மாற்றிவிடும்.

முட்டுக்கட்டை எங்கே? 1970 மே 29இல் தமிழகமும் கேரளமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், கேரளத்தின் இடைமலையாறு திட்டம் முடிந்த பிறகு ஆனைமலையாற்று நீரைத் தமிழகம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. இடைமலையாறு அணை 1985இல் கட்டி முடிந்தது. பாசனக் கால்வாய்கள் முடியவில்லை, ஆகவே திட்டம் முடியவில்லை என்பது கேரளத்தின் வாதம். இந்த ஒரு நிபந்தனையில் நாற்பது ஆண்டுகள் போய்விட்டன. 30 ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யவும் இடம் உண்டு. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் 1958 நவம்பரிலிருந்து கணக்கிட்டால் 1988இலேயே அந்தத் தவணை வந்தது. 2019 செப்டம்பரில் இரு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழு அமைக்கவும் முடிவெடுத்தார்கள். ஆனைமலையாறு அங்கேயேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

காட்டைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட முடியாது. அது புலிகள் காப்பகம், சிங்கவால் குரங்கு வாழும் சோலை. எத்தனை ஏக்கர் காடு மூழ்கும், எத்தனை மரம் போகும் என்பதை வெளிப்படையாக ஆய்வு செய்து மக்கள் முன் வைக்க வேண்டும். ஆனைமலையாற்றில் அணை கட்டக் காடு இடம் தராது என்று ஆய்வு சொன்னால், நீராறு–நல்லாறு சுரங்கத்தையும் அடிவார அணையையும் தனியாக எடுத்துப் பார்க்கலாம். எல்லாம் வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பதில் லாபமில்லை.

தாமதமானாலும் முடியும் என்பதற்குத் திருப்பூர்க்காரர்கள் கண்முன்னே அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் இருக்கிறது. பல பத்தாண்டுகள் கோரிக்கையாகவே கிடந்து, உண்ணாவிரதங்கள் நடந்து, 2024 ஆகஸ்ட் 17இல் 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் விடத் தொடங்கப்பட்டது. நேரு 1961இல் அடிக்கல் நாட்டிய சர்தார் சரோவர் அணை, மாநிலங்களின் வழக்குகளையெல்லாம் கடந்து 2017இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இரு மாநிலக் குழுக்களும் மறுபடி உட்கார வேண்டும். இடைமலையாறு எப்போது முடிந்ததாகக் கொள்வது என்பதைத் தேதியோடு எழுத்தில் கேட்டு வாங்குவது தமிழக அரசின் முதல் வேலையாக இருக்கட்டும். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் காங்கயம், வெள்ளகோவில் விவசாயிகளும், அவர்கள் பிள்ளைகள் வேலை பார்க்கும் நல்லூர்க்காரர்களும் இந்தத் தேதியைத்தான் கேட்க வேண்டும்.