ஏழு பேண்டுக்கு யார் கியாரண்டி?

தென்பெண்ணையின் வடகரையில் இருக்கிறது சோரியாங்குப்பம். மறுகரை கடலூர் மாவட்டம், தமிழ்நாடு. இந்தக் கரை புதுச்சேரி, பாகூர் கொம்யூன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் இரண்டு கரையிலும் உண்டு. வெளிநாட்டில் படிக்கக் கிளம்பும் பிள்ளைக்குத்தான் இந்த எல்லைக்கோடு திடீரென்று குறுக்கே வந்து நிற்கும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ், டோஃபெல் போன்ற ஆங்கிலத் தேர்வுகளுக்குத் தாட்கோ கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறது. அது தமிழ்நாட்டுத் திட்டம். அக்கரை மாமன் மகன் விண்ணப்பிக்கலாம். இக்கரை அத்தை மகள் முடியாது. அவளுக்கு மிஞ்சுவது புதுச்சேரியிலோ கடலூரிலோ இருக்கும் தனியார் பயிற்சி மையம். அங்கே வாசலிலேயே போர்டு வைத்திருப்பார்கள்: "ஏழு பேண்ட் கியாரண்டி".

இந்தக் கியாரண்டி நடக்காத காரியம். ஐஇஎல்டிஎஸ்ஸில் பாஸ், ஃபெயில் கிடையாது. 0 முதல் 9 பேண்ட் வரை ஒரு அளவுகோல், அவ்வளவுதான். கேட்டல், வாசிப்பு இரண்டிலும் 40, 40 கேள்விகள். எழுத்துக்கு ஒரு மணி நேரம். பேச்சு 11 முதல் 14 நிமிடம், தேர்வாளர் ஒருவரோடு நேருக்கு நேர் அல்லது வீடியோவில். மதிப்பெண் போடுவது மையத்துக்காரர் அல்லர். அந்த அறைக்குள் அவர் காலடி வைக்கவும் முடியாது. பிறகு எந்தக் கையால் கியாரண்டி தருகிறார்?

எத்தனை பேண்ட் வேண்டும் என்று சொல்வதும் அவர் வேலை இல்லை. அது பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், நீங்கள் சேரப்போகும் படிப்பின் பக்கத்தில் இருக்கும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மொத்தம் 7 வந்தும் எழுத்தில் 5.5 என்றால் கதவு அடைபடலாம். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய மற்ற மூன்றிலும் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும் என்பது அங்குள்ள செவிலியர் கவுன்சிலின் விதி. இப்படி இடத்துக்கு இடம் மாறும். தேர்வுக் கட்டணமே பதினெட்டாயிரம் ரூபாய் வாக்கில் ஆகிறது. மதிப்பெண் செல்லுபடி 2 ஆண்டு. எதற்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதினால், கரும்பு வெட்டிய பணம் கையெழுத்தில்லாத காகிதமாகிவிடும்.

பாகூருக்கு ஒரு பழம்பெருமை உண்டு. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இங்கே இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிய செப்பேடு கிடைத்திருக்கிறது. படிப்புக்காக ஊரையே எழுதிக் கொடுத்த மண்ணில், இன்று படிப்புக்காக நிலத்தை எழுதிக் கொடுக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கியாரண்டி ஆட்களிடம் இத்தனை ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆள் இன்னும் ஆபத்தானவர். "தம்பி, நீ பரீட்சைக்கே போக வேண்டாம். சர்டிபிகேட் வீட்டுக்கு வரும்" என்பார். அல்லது நாளைய வினாத்தாள் டெலிகிராமில் இருக்கிறது என்பார். சான்றிதழ் உண்மையா என்பதைப் பல்கலைக்கழகங்கள் தேர்வு அமைப்பின் இணைய வசதியில் நேரடியாகச் சரிபார்க்கின்றன. பொய் தெரிந்தால் பணம் மட்டும் போகாது. தவறான தகவல் தந்தவருக்குக் கனடா 5 ஆண்டு தடை விதிக்கிறது. ஏமாற்றியதாக முடிவு செய்தால் பிரிட்டன் 10 ஆண்டு வரை விசா மறுக்கிறது.

குஜராத்தில் நடந்ததைப் பாருங்கள். 2022-இல் கனடாவிலிருந்து படகில் அமெரிக்காவுக்குள் நுழைய முயன்ற இளைஞர்கள் செயின்ட் ரெஜிஸ் ஆற்றில் பிடிபட்டார்கள். அவர்களில் மெஹ்சாணா மாவட்டத்துப் பையன்கள் நான்கு பேர். அமெரிக்க நீதிமன்றத்தில் அவர்களால் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியவில்லை, மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். ஆனால் ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.5, 7 என்று வாங்கியிருந்தார்கள். மெஹ்சாணா போலீஸ் தோண்டத் தொடங்கியது அங்கிருந்துதான். பிரிட்டனிலோ 2014-இல் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் நடந்த ஆள்மாறாட்ட மோசடியை பிபிசி வெளிக்கொணர்ந்ததும், தேர்வு எழுதியவர்களில் பெரும்பாலோரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா ரத்தானது. நேர்மையாக எழுதியவர்களும் அதில் மாட்டி, பல ஆண்டு வழக்காடினார்கள். யாரோ செய்த ஆள்மாறாட்டம் யாருடைய படிப்பையோ தின்றது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் "ப. கவிதா" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும், அல்லது அந்த இடம் காலியாக இருக்கும். தேர்வுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இந்தியாவில் ஐஇஎல்டிஎஸ் எழுத பாஸ்போர்ட்தான் அடையாளம். ஆதாரைக் கொண்டுபோய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகையால் முதலில் பாஸ்போர்ட், அதில் பெயர் திருத்தம், பிறகு தேர்வுத் தேதி.

பதிவை நீங்களே செய்யுங்கள், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில். ஏஜென்ட் தன் மின்னஞ்சலில் பதிந்தால் உங்கள் மதிப்பெண்ணை உங்களுக்கு முன்னால் பார்ப்பவர் அவர்தான். அசல் பாஸ்போர்ட்டை, மார்க் ஷீட்டை "ஆபீஸ்ல இருக்கட்டும்மா" என்று வாங்கி வைப்பார்கள். கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. பிடித்து வைத்துப் பேரம் பேசத் தனியாருக்கு உரிமை கிடையாது.

பயிற்சி என்றால் மையம் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். மாதிரித் தேர்வுகளைத் தேர்வு நடத்துவோரே இலவசமாகத் தருகிறார்கள். கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். அகடமிக் வாசிப்பில் 40-க்கு 30 சரியாக வந்தால் ஏறத்தாழ 7. 23 வந்தால் 6. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஒன்றையும் காலியாக விடாதீர்கள். எழுத்தில் இரண்டாம் பகுதிக்கு முதல் பகுதியைப்போல் இரட்டை மதிப்பு. அதற்குக் குறைந்தது 250 சொல். பேச்சில் ஒரு தலைப்பைக் கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விடுவார்கள். பிறகு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். மனப்பாடம் செய்த பதிலைத் தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகி ஊருக்குள் தண்ணீர் வந்ததே, அதை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கைப்பேசியில் பதிந்து, எங்கே தடுக்குகிறது என்று கேளுங்கள். லண்டன்காரர் உச்சரிப்பு தேவையில்லை, புரிந்தால் போதும்.

மதிப்பெண் நியாயமாக வரவில்லை என்று தோன்றினால் தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மதிப்பெண் கூடினால் கட்டிய கட்டணம் திரும்பி வரும். கணினித் தேர்வு எழுதியவர் ஒரே ஒரு திறனை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதவும் வழி இருக்கிறது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மையமே ஏமாற்றினால்? 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மைய விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கு அது பொருந்தும். தேர்ச்சிக்கும் மதிப்பெண்ணுக்கும் பொய் உத்தரவாதம் தரக் கூடாது; வெற்றி பெற்ற மாணவரின் படத்தை அவர் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. சின்ன மையம் என்றாலும் பொய் விளம்பரம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி குற்றம்தான். "கல்வி நிறுவனம் மேல கேஸ் போட முடியாது" என்று மிரட்டுவார்கள். சேலம் விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு தந்தது உண்மை. அதே தீர்ப்பில் பயிற்சி மையங்களை அவற்றோடு சமமாக வைக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது.

முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். இணையத்தில் பணத்தைப் பறித்திருந்தால் தாமதிக்காமல் 1930. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், அதற்கு 15100. மையம் பணம் தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இந்த இடத்தில் அந்த எல்லைக்கோடு நம் பக்கம் சாய்கிறது. புகார் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019 சட்டம். மையம் கடலூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் சோரியாங்குப்பத்துப் பெண் புதுச்சேரி ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்; அவர்கள்தான் ஆற்றைத் தாண்டி வர வேண்டும். அதற்குப் பணம் கட்டிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் வேண்டும். அந்தக் கியாரண்டி போர்டையும் சேரும் நாளன்றே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் அது அங்கே இருக்காது.