விமானப் பயணமும் பவர் பேங்கும்

வழி நெடிதாயின் வழிக்கு வேண்டியதைக் கையோடு எடுத்துச் செல்வது தமிழர் மரபு. வழிநடையில் உண்பதற்கென எடுத்துச் செல்லும் உணவைப் பண்டையோர் ஆற்றுணா என்றனர். ஆறு என்பது ஈண்டு வழியைக் குறிக்கும். கட்டுச்சோறு என்பது அதற்கு இன்றும் வழங்கும் பெயர். இடைவழியில் எது தீர்ந்துபோகுமோ, எது கிடைக்காமற்போகுமோ, அதையே மனிதன் மூட்டையாகக் கட்டுகிறான். இன்று விமானம் ஏறுகின்றவருக்குச் சோறு எங்கும் கிடைக்கிறது. கைப்பேசிக்கு வேண்டும் மின்சாரம் எங்கும் கிடைப்பதில்லை. ஆதலின் கட்டுச்சோற்றின் இடத்தைப் பவர் பேங்க் பிடித்துக்கொண்டது. அதனுடன் மடிக்கணினித் தாங்கி, மடக்கு விசைப்பலகை, இருக்கையில் மாட்டும் பை எனப் பயணத்திலேயே அலுவலகத்தை விரித்துவைக்கும் கருவிகளும் கடைகளில் பெருகிவிட்டன. இவை விமானப் பயணிக்கு எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே பயன்படா என்பதைப் பேராக் மாநிலத் தமிழரின் பயணத்தைக் கொண்டு ஆராய்வது பொருந்தும்.

கப்பல் நாளும் விமான நாளும்

தோட்டப்புறத் தமிழர் ஊருக்குப் போய்வந்த கப்பல்களுள் எஸ்.எஸ். ராஜுலா பெயர் பெற்றது. 1926 ஆம் ஆண்டு கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்தது. பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். மேல்தளப் பயணி ட்ரங்குப் பெட்டியும் பாயும் தூக்குச் சட்டியும் கொண்டு ஏறினார். அவர் கையில் இருந்த பயணச்சீட்டு தாள். உறவினர் முகவரியும் தாள். கடலில் ஒரு வாரம் இருந்தாலும் அவற்றுள் எதுவும் அணைந்துபோகவில்லை.

ராஜுலாவின் காலத்துக்குப் பின் எம்.வி. சிதம்பரம் என்னும் கப்பல் அத்தடத்தில் ஓடியது. 1985 ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அதன் பயணிகள் சேவை முடிந்தது. அதன்பின் தமிழ்நாட்டுக்குச் செல்ல விமானமே வழியாயிற்று. கடலாயினும் வானாயினும், இறங்கி ஓட முடியாத கலத்தில் தீ என்பது எத்துணைக் கொடியது என்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு சான்று. பவர் பேங்க் பற்றிய விதிகள் அனைத்துக்கும் இந்த ஓர் உண்மையே அடிப்படை.

ஈப்போவிலிருந்து தமிழ்நாடு வரை

ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பறந்துவிடலாம். அக்குறுகிய பயணத்துக்குப் பவர் பேங்க் தேவையில்லை. வீட்டிலேயே நிரப்பிய கைப்பேசி போதும்.

தமிழ்நாட்டுப் பயணம் அவ்வாறன்று. சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா, தெலுக் இந்தான் முதலிய ஊர்களின் சுற்றுப்புறத்தில் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தோட்டத்தை விட்டவர்களின் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கின்றனர். ஆதலின், ஊர்க்கோயில் திருவிழாவுக்கோ உறவினர் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ முதியவர்கள் தனியே புறப்படுவது இன்று இயல்பாகிவிட்டது. அவர்களின் பயணத்தைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். வீட்டிலிருந்து ஈப்போ மேடான் கோப்பேங் வரை ஒரு மணி. அங்கிருந்து சிப்பாங் விமான நிலையம் வரை பேருந்தில் மூன்றரை முதல் நான்கு மணி. விமானத்துக்குமுன் காத்திருப்பு மூன்று மணி. திருச்சிக்கோ சென்னைக்கோ பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி. குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஒரு மணிக்கு மேல். பிறகு ஊர் சேரும் வரை காரோ பேருந்தோ. ஆக, பதினைந்து மணி நேரம் எளிதில் கடந்துவிடும். வட பேராக்கில் இருப்போருக்கு இது சற்றுக் குறையலாம். 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே நேரடிச் சேவையைத் தொடங்கியது.

இப்பதினைந்து மணி நேரமும் கைப்பேசியே பயணச்சீட்டு. அதுவே விசாவின் நகல். அதுவே வரவேற்க வருபவரின் எண். திருச்சி நிலையத்தின் வாசலில் கைப்பேசி அணைந்துபோனால், எழுபது வயது மூதாட்டிக்குத் தம் தம்பி மகனின் எண் நினைவில் இருக்காது. அவருக்குப் பவர் பேங்க் ஆடம்பரப் பொருள் ஆகாது.

எத்துணைப் பெரிய பவர் பேங்க்?

இங்குச் சிறு கணக்கு ஒன்று தேவை. பவர் பேங்கின்மேல் 10,000 அல்லது 20,000 என மில்லியாம்பியர் மணி அச்சிட்டிருக்கும். அதனை 1,000ஆல் வகுத்து, உள்ளே இருக்கும் மின்கலத்தின் அழுத்தமாகிய 3.7 வோல்ட்டால் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும். அதுவே உண்மையான கொள்ளளவு. 10,000 என்பது 37 வாட் மணி. 20,000 என்பது 74 வாட் மணி. 27,000 என்பது ஏறத்தாழ 100 வாட் மணி.

இன்றைய கைப்பேசிகளில் பலவற்றின் மின்கலம் 5,000 மில்லியாம்பியர் மணி, அஃதாவது ஏறத்தாழ 19 வாட் மணி. அப்படியாயின் 10,000 பவர் பேங்க் அதனை இரு முறை நிரப்பவேண்டும் என்று தோன்றும். நடப்பில் அவ்வாறு நிகழ்வதில்லை. 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. கைப்பேசி அதனை ஏற்கும்போதும் ஒரு பகுதி வீணாகிறது. கையைத் தொட்டுப் பார்த்தாலே அச்சூடு தெரியும். ஆகவே ஒன்றரை முறைக்குச் சற்றுக் குறைவாகவே நிரப்பலாம். பதினைந்து மணி நேரப் பயணத்துக்கு இதுவே மிகுதி. மடிக்கணினியின் மின்கலமோ 50 முதல் 60 வாட் மணி இருக்கும். அதனைச் சிறிய பவர் பேங்க் பாதியளவே நிரப்பும்; 20,000 அளவு வேண்டும். அதன் எடை அரைக் கிலோவை நெருங்கும்.

இக்கணக்கு ஆரம்பப் பள்ளி மாணவனுக்கும் எட்டக்கூடிய பெருக்கலே. அறிவியல் பாடத்தில் ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் போட்டுக்காட்டினால், வீட்டில் பாட்டியின் பவர் பேங்கைத் திருப்பிப் பார்த்துச் சொல்ல ஒரு பிள்ளை இருக்கும்.

தீ எவ்வாறு உண்டாகிறது?

பவர் பேங்கின் உள்ளே இருப்பது லித்தியம்-அயனி மின்கலம். 1991 ஆம் ஆண்டு சோனி நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதனை உருவாக்கியமைக்காக ஜான் குட்டினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். சிறிய இடத்தில் பெரிய ஆற்றலை அடக்குவது இதன் சிறப்பு. அதுவே இதன் இடரும் ஆகும். நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே மயிரினும் மெல்லிய ஞெகிழித் தாள் ஒன்றே தடுப்பு. சுற்றிலும் தீப்பற்றக்கூடிய நீர்மம். கீழே விழுந்து நசுங்கினாலோ, ஆக்கத்திலேயே குறை இருந்தாலோ அத்தடுப்பு கிழியும், இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும், சூடு பிறக்கும். அச்சூடு மேலும் வேதிவினைகளைத் தூண்டும். அவை மேலும் சூட்டை உண்டாக்கும். ஒரு கலத்தின் தீ அடுத்த கலத்துக்குத் தாவும்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், ஹாங்காங் புறப்பட இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பற்றி எரிந்தது. தலைக்குமேல் இருந்த பொருள் அறையில் தீ தொடங்கியது. விமானத்தில் இருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டனர். பவர் பேங்க் ஒன்றின் உள்காப்பு சிதைந்ததே காரணமாக இருக்கக்கூடும் என விசாரணை தெரிவித்தது. விமானம் இன்னும் தரையில் இருந்ததால் உயிர்கள் தப்பின.

இதன்பின் பல நிறுவனங்கள் விதிகளை இறுக்கின. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்சும் ஸ்கூட்டும், மலேசியா ஏர்லைன்சும் ஃபயர்ஃபிளையும் பறக்கும்போது பவர் பேங்க் கொண்டு மின்னேற்றுவதைத் தடைசெய்தன. மலேசியா ஏர்லைன்ஸ், அதனைத் தலைக்குமேல் உள்ள அறையில் வைத்தலும் ஆகாது என்றது. இருக்கைக்கு அடியிலோ முன்பையிலோ கண்ணிற்படும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

பெட்டியில் போட்டு அனுப்பலாகாது என்பது பழைய உலகப் பொது விதி. காரணம் எளியது. சரக்கறையில் தெளிக்கப்படும் தீயணைப்பு வளி சுடரை அடக்கும். மின்கலத்தின் உள்ளே பெருகும் சூட்டைத் தணிக்காது. பயணிகள் அறையிலோ புகை வந்தவுடன் கண்டுகொள்ளலாம். நீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். 100 வாட் மணி வரை தடையின்றி உடன் கொண்டு செல்லலாம். 100க்கு மேல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேற்பட்டது அறவே கூடாது. எத்தனை பவர் பேங்குகள் என்னும் வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், புறப்படுமுன் கேட்டறிதல் நலம்.

இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், அளவு அச்சிடாத பவர் பேங்குகள் இருவகையில் கேடு. அளவு எழுதப்படாமையால் சோதனையில் பறிக்கப்படலாம். தரம் தெரியாமையால் உடன் பயணிப்போர் அனைவரின் உயிருக்கும் ஊறு நேரலாம். உப்பியது, கீழே விழுந்து அடிபட்டது, காரணமின்றிச் சுடுவது ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லவேண்டும்.

வானில் ஓர் அலுவலகம்

தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளரோ, மாநாட்டுக்குச் செல்லும் தமிழாசிரியரோ விமானத்தில் கட்டுரை திருத்த விரும்பலாம். அவருக்கு மடிக்கணினித் தாங்கியும் மடக்கு விசைப்பலகையும் உதவுமா?

சிக்கன வகுப்பில் ஓர் இருக்கைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம். முன்னவர் சாய்ந்தால் மடிக்கணினியின் திரை நசுங்கும் அளவுக்கு நெருக்கம். அதற்குமேல் தாங்கியை வைத்தால் திரை இன்னும் உயர்ந்து இடிக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டை மடித்துவிட வேண்டும். உணவு வந்தால் இடம் தரவேண்டும். நான்கு மணிப் பயணத்தில் எஞ்சுவது இரண்டரை மணி. கையில் கொண்டுபோகும் பொருள்களுக்குப் பல நிறுவனங்கள் 7 கிலோ வரம்பு வைத்துள்ளன. மடிக்கணினி, சார்ஜர், பவர் பேங்க், தாங்கி ஆகியவை சேர்ந்தாலே அதில் பாதியை நெருங்கும். இரண்டரை மணி வேலைக்கு இச்சுமை தகாது. அச்சிட்ட தாளும் சிவப்புப் பேனாவும் அந்நேரத்தில் மிகுந்த பயன் தரும். இக்கருவிகளுள் தேறுவது கைப்பேசியை நிறுத்திவைக்கும் சிறு தாங்கி ஒன்றே. அது எடையற்றது; முதியவரின் கை வலிக்காமல் படம் பார்க்க உதவும். விமான நிலையக் காத்திருப்பில் மேசையும் மின்சாரமும் கிடைத்தால், மடிக்கணினி வேலையை அங்கே முடித்துக்கொள்வதே முறை.

பிளக்கின் கால்கள்

பலர் மறக்கும் பொருள் ஒன்று உண்டு. மலேசியாவில் பிளக்கின் கால்கள் மூன்றும் சதுரம். இந்தியாவில் அவை உருண்டை. மின்னழுத்தம் இரு நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு சிறிதாதலின், கைப்பேசிச் சார்ஜருக்கு மின்னழுத்த மாற்றி வேண்டா. கால்களை மாற்றும் அடாப்டர் ஒன்று போதும். விலை உயர்ந்த பவர் பேங்கை வாங்கிக்கொண்டு, சில வெள்ளிக்குக் கிடைக்கும் இந்த அடாப்டரை விட்டுச் சென்றவர், ஊர் சேர்ந்த இரண்டாம் நாள் இரண்டையும் நிரப்ப வழியின்றித் தவிப்பார்.

தேர்ந்த முடிபு

பவர் பேங்க் தரையில் பயன்படும் கருவி. பேருந்திலும், காத்திருப்புக் கூடத்திலும், இறங்கிய பின் ஊர் செல்லும் வழியிலும் அது உதவும். வானில் அதற்கு வேலை இல்லை; பல விமானங்களில் அனுமதியும் இல்லை. பறக்கும் நான்கு மணி நேரமும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்தாலோ அணைத்துவைத்தாலோ மின்சாரம் செலவாவதே அரிது. ஆதலின் அளவு தெளிவாக அச்சிட்ட, தரம் அறிந்த 10,000 அளவுப் பவர் பேங்க் ஒன்று, நல்ல கம்பி ஒன்று, அடாப்டர் ஒன்று ஆகிய மூன்றும் பேராக்கிலிருந்து புறப்படும் பயணிக்குப் போதும்.

நான்காவதாக ஒன்று உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டா. பயணச்சீட்டையும் விசாவையும் தாளில் அச்சிட்டு, வரவேற்க வருபவரின் பெயரையும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கடப்பிதழோடு சேர்த்துவைத்தல் வேண்டும். ராஜுலாவில் ஏறியவர் கையில் இருந்த அத்தாள் இன்றும் பயன் குன்றவில்லை. தாய் தந்தையரை வழியனுப்பும் பிள்ளைகள் பவர் பேங்கை நிரப்பித் தரும்போதே அத்தாளையும் எழுதித் தருவார்களாயின், கைப்பேசி அணைந்தாலும் அவர்கள் ஊர் சேர்வர்.