மவுஸைத் தள்ளி வையுங்க: ஒரு இணையதளம் எல்லோருக்குமானதா என்று சோதிப்பது எப்படி?

'கேமராவைப் பார்த்து கண்ணைச் சிமிட்டுங்கள்.' ஆன்லைனில் வங்கிக் கணக்கு தொடங்கும்போது யோசிக்காமல் செய்துவிடுகிற வேலை இது. ஆசிட் தாக்குதலில் கண்கள் சிதைந்த பிரக்யா பிரசூனால் 2023-ல் அதைச் செய்ய முடியவில்லை. நேரில் வங்கிக்குப் போயும் கணக்கு கிடைக்கவில்லை. சமூக வலைதளங்களில் விஷயம் பேசப்பட்ட பிறகுதான் அவருக்கு விலக்கு கொடுத்தார்கள்.

அவர் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே 20 உத்தரவுகள். அதில் ஒன்று, இணையதளங்களையும் ஆப்களையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் அணுகல் தணிக்கை செய்ய வேண்டும் என்பது.

அந்தத் தணிக்கையில் என்னதான் பார்ப்பாங்க? பெரும்பகுதியை நீங்களே செய்து பார்க்கலாம்.

முதலில் மவுஸை ஓரமாக வைத்துவிட்டு, டேப் கீயை மட்டும் அழுத்திக்கொண்டே போங்க. இப்போது எந்தப் பட்டனில் நிற்கிறீர்கள் என்று திரையில் தெரிகிறதா? பல தளங்களில் தெரியாது. அந்த இடத்தைச் சுற்றி பிரவுசர் தானாகவே ஒரு கோடு போடும். டிசைன் அழகு கெடுதுன்னு ஒரே வரி கோடில் அதை நீக்கிவிடுகிறார்கள். எனக்கு ரொம்ப எரிச்சல் தரும் விஷயம் இது. பாப்-அப் வந்தால் கீபோர்டிலேயே மூட முடிகிறதா, பிறந்த தேதியை டைப் செய்ய முடிகிறதா என்றும் பாருங்க. கை நடுக்கம் உள்ளவருக்கு காலண்டர் கட்டத்தில் துல்லியமாக கிளிக் செய்வது பெரிய போராட்டம்.

அடுத்து ஸ்க்ரீன் ரீடர். விண்டோஸுக்கு என்விடிஏ இலவசம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஏற்கெனவே இருக்கின்றன. (அணைப்பது எப்படி என்று தெரிந்துகொண்டு ஆன் செய்யுங்க. டாக்பேக் ஓடும்போது ஒரு தட்டு தட்டினால் வாசிக்கும், இரண்டு தட்டினால்தான் திறக்கும்.) கண்ணை மூடிக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்க. 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் கேட்டால், பட்டன்களுக்கு யாரும் பெயரே வைக்கவில்லை என்று அர்த்தம்.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு சிக்கல். பக்கத்தின் மொழி 'ஆங்கிலம்' என்று கோடில் இருந்தால், ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று குளறும், அல்லது தாண்டிப் போய்விடும். யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்டில் இருந்தால் சம்பந்தமில்லாத எழுத்துகள்தான் கேட்கும். ஸ்கேன் செய்த அறிவிப்பு என்றால் வெறும் படம். வாசிக்க அதில் எழுத்தே இல்லை.

குரோமின் லைட்ஹவுஸ் 100 மார்க் கொடுத்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5:1 இருக்கிறதா என்பது மாதிரி அளக்கக்கூடியதை அது நன்றாகவே பிடிக்கும். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்றும் பார்க்கும். அந்த விளக்கம் 'போட்டோ 1' என்று இருந்தால் யாருக்கு என்ன பயன் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான், வடிவமைக்கும்போதே பார்வையற்றவர்களையும் சோதனையில் சேர்க்கச் சொல்கிறது அதே தீர்ப்பு.

பிழை கண்டால் 'தளம் சரியில்லை' என்று மட்டும் எழுதாதீங்க, டிக்கெட்டை மூடிவிடுவார்கள். எந்தப் பக்கம், எந்தக் கருவி, எந்த இடத்தில் நின்றது என்று எழுதுங்க: 'டாக்பேக்கில் ஓடிபி கட்டத்துக்குப் போக முடியவில்லை, அதற்குள் நேரம் முடிந்துவிட்டது' என்பதுபோல.