நடுநிலக் கடல் முறைப் படகுக் கட்டு

நடுநிலக் கடல் முறைப் படகுக் கட்டு என்பது, படகின் ஒரு முனையிலிருந்து நங்கூரம் இட்டு, மறுமுனையைக் கயிறுகளால் துறைமேடையுடன் பிணைத்து, படகைத் துறைமேடைக்குச் செங்குத்தாக நிறுத்தும் முறை ஆகும். பேருந்து நிலையத்தில் பேருந்துகள் மேடையை நோக்கி அருகருகே நிறுத்தப்படுவதை இதற்கு ஒப்பிடலாம். கிரேக்கம், துருக்கி, குரோவாசியா, இத்தாலி முதலிய நாடுகளில் பரவலாக வழங்குவதால் இம்முறை நடுநிலக் கடலின் (மத்தியதரைக் கடல்) பெயரைப் பெற்றது. பழைய வடிவமைப்புடைய பயணப் பாய்மரப் படகுகளில் இதனைக் கையாளச் சில தனி ஆயத்தங்கள் தேவைப்படுகின்றன.

காரணங்கள்

நடுநிலக் கடலின் பெரும்பாலான பகுதிகளில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையேயான வேறுபாடு அரை மீட்டருக்கும் குறைவாகும். எனவே துறைமேடைக்கும் படகின் தளத்துக்கும் இடையேயான உயரம் நாள் முழுவதும் ஏறத்தாழ மாறாமல் இருக்கும். நடைபலகை ஒன்றை நிலையாக வைக்க முடிவதும், கயிறுகளை அடிக்கடி தளர்த்தவோ இறுக்கவோ தேவையில்லாததும் இதனாலேயே ஆகும்.

இரண்டாவது காரணம் இடநெருக்கடி. 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள படகு பக்கவாட்டில் நின்றால் துறைமேடையில் 10 மீட்டருக்கு மேல் இடம் கொள்ளும். செங்குத்தாக நின்றால் ஏறத்தாழ 4 மீட்டர் போதுமானது. சிறிய பழந்துறைகளில் பல படகுகள் நிற்க இது வழி செய்கிறது.

பழைய படகுகளின் சிக்கல்

1960களிலும் 1970களிலும் கட்டப்பட்ட பயணப் படகுகள் பலவற்றில் ஏரா (கீல்) எனப்படும் அடிக்கட்டை நீண்டதாகவும், சுக்கான் அதன் பின்விளிம்பில் பொருத்தப்பட்டதாகவும் இருக்கும். நிக்கல்சன் 32, வெஸ்ட்செயில் 32 ஆகியன இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். நீண்ட ஏரா திறந்த கடலில் படகை நேர்வழியில் நிறுத்துகிறது. ஆனால் அதே பண்பு, பின்னோக்கிச் செல்லும்போது படகைத் திருப்புவதைக் கடினமாக்குகிறது. போதிய வேகம் கிடைக்கும் வரை சுக்கான் பயன் தருவதில்லை.

உந்துசுழலியின் பக்க இழுப்பும் இதனுடன் சேர்கிறது. முன்னோக்கிச் செல்லும்போது வலஞ்சுழியாகச் சுழலும் ஒற்றைச் சுழலி உடைய படகு, பின்னோக்கி இயக்கப்படும்போது தன் பின்முனையை இடப்பக்கம் இழுக்கும். பக்கக்காற்றும் வீசினால் அணியம் (முன்முனை) காற்றின் போக்கில் விலகி, அடுத்த படகுகளின் மீது மோதக்கூடும்.

தேவையான கருவிகள்

* நங்கூரமும் சங்கிலியும்: படகின் எடைக்கு ஏற்ற நங்கூரமும், குறைந்தது 50 மீட்டர் சங்கிலியும் இருப்பது நன்று. பழைய படகுகளில் பெரும்பாலும் காணப்படும் சி.கியூ.ஆர். வகைக் கலப்பை நங்கூரம், 1933 ஆம் ஆண்டில் இயற்பியலாளர் ஜெப்ரி இங்கிராம் டெய்லரால் வடிவமைக்கப்பட்டது. அதன் பின் வந்த சில வகைகள் மணலிலும் சேற்றிலும் விரைவாகப் பதிகின்றன.
* சங்கிலி இழுக்கும் பொறி: சங்கிலியைத் தேவையான அளவில் விடவும் நிறுத்தவும் வேண்டியிருப்பதால் அதன் தடை (பிரேக்கு) சீராக இயங்க வேண்டும்.
* பின்முனைக் கயிறுகள்: நீளமான இரண்டு நைலான் கயிறுகளும், துறைமேடையின் கல்விளிம்பில் உராயும் இடங்களுக்கு உறைகளும் தேவை.
* காப்பு மெத்தைகள் (பென்டர்): இரு பக்கங்களுக்கும் பின்முனைக்கும் வேண்டும்.
* நடைபலகை: படகு அசையும்போது துறைமேடை மீது உருளும்படி, சிறு சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும்.

செய்முறை

முதலில் மெத்தைகள் கட்டப்பட்டு, கயிறுகள் எல்லாத் தடைகளுக்கும் வெளிப்புறமாக எடுத்து வைக்கப்படுகின்றன. துறைமேடையிலிருந்து மூன்று அல்லது நான்கு படகு நீளத் தொலைவில், நிற்கவேண்டிய இடத்துக்கு நேர் எதிரே நங்கூரம் இடப்படுகிறது. பின்னர் படகு பின்னோக்கிச் செலுத்தப்படுகிறது. சங்கிலியைச் சற்றே இறுக்கிப் பிடித்தபடி விட்டால், அணியம் காற்றில் விலகாமல் நேராக நிற்கும். திசைமாற்றக் கடினமான பழைய படகுக்கு இது பெரிதும் உதவுகிறது.

காற்று வரும் பக்கத்துக் கயிறு முதலில் கரையில் கட்டப்படுகிறது. இரு கயிறுகளும் கட்டப்பட்ட பின், சங்கிலி இறுக்கப்பட்டு நங்கூரம் பிடித்துள்ளதா என்று சோதிக்கப்படுகிறது. நங்கூரம் நழுவினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது.

பின்னோக்கிச் செலுத்த இயலாத படகுகள், பின்முனையிலிருந்து நங்கூரம் இட்டு, அணியத்தைத் துறைமேடைக்குக் கொண்டுவரலாம். முன்னோக்கிச் செல்லும்போது சுக்கான் நன்கு இயங்குகிறது. மேலும், துறைமேடையின் அடியில் கிடக்கும் கற்களிலிருந்து அது விலகியும் இருக்கிறது. சுக்கான் உடைந்தால் படகு கடலில் செயலிழந்துவிடும் என்பதால் இது முக்கியமானது. இதற்குப் பின்முனையில் ஓர் உருளையும், ஏறத்தாழ 10 மீட்டர் சங்கிலியுடன் இணைந்த நீண்ட கயிறும், அணியத்தில் இறங்க ஓர் ஏணியும் பொருத்தப்படுகின்றன. நங்கூரத்தைக் கையால் இழுக்க வேண்டியிருப்பது இதன் குறைபாடு ஆகும்.

இடர்கள்

அருகருகே நிற்கும் படகுகளின் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது வழக்கம். கிரேக்கத்தின் ஐதரா தீவுத் துறை இதற்குப் பெயர் பெற்றது. சிக்கிய நங்கூரத்தை மேலே இழுத்து, பிறர் சங்கிலியின் அடியில் ஒரு கயிற்றைச் செலுத்தித் தாங்கிக்கொண்டு, தன் நங்கூரத்தைத் தாழ்த்தி விடுவிப்பர்.

பக்கக்காற்று வலுத்து நங்கூரம் நழுவினால், ஒரு படகு மட்டுமன்றி அடுத்துள்ள படகுகளும் சேதமடையும். கோடையில் ஏஜியன் கடலில் வீசும் மெல்தெமி என்னும் வடக்குக் காற்று இத்தகையது. பெரிய கப்பல்கள் எழுப்பும் அலைகளால் பின்முனை மேடையில் மோதாதிருக்க, போதிய இடைவெளி விடப்படுகிறது. பல புதிய படகுத்துறைகளில் கடலடியில் நிலையாகப் பதித்த கயிறுகள் உள்ளதால், அங்கு நங்கூரம் தேவைப்படுவதில்லை.

தமிழ்நாட்டுக் கரையுடன் ஒப்பீடு

சென்னைக் கரையிலும் கடல் ஏற்ற இறக்க வேறுபாடு பேரளவினதன்று. அது ஏறத்தாழ 1 மீட்டர் ஆகும். ஆயினும் கரை திறந்ததாகவும் மணற்பாங்காகவும் அலை மிகுந்ததாகவும் இருப்பதால், காப்புள்ள இயற்கைத் துறைகள் அரிது. கட்டுமரங்கள் மணலில் இழுத்து ஏற்றப்பட்டமைக்கு இதுவே காரணம். இலங்கையின் திருகோணமலை, இதற்கு மாறாக, ஆழமான இயற்கைத் துறைமுகம் ஆகும். 1911 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் பாய்மரப் படகுகளும் அலைதடுப்புச் சுவர்களுக்குள் அமைந்த சென்னைத் துறைமுகத்தையே சார்ந்துள்ளன. எனவே இம்முறைக்குக் கடல் ஏற்ற இறக்கம் குறைவாக இருப்பது மட்டும் போதாது. அலையற்ற நீரும் நங்கூரம் பிடிக்கும் அடித்தரையும் இன்றியமையாதவை.