இணையவழிக் கல்வியும் நம் பிள்ளைகளும்

திருப்பணிகளையும் திருவிழாக்களையும் பற்றிப் பேசும் ஆண்டு மலரில் இணையவழி வகுப்புகளைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆலயத்தைச் சார்ந்து வளர்ந்த அறங்களுள் அன்னதானத்துக்கு அடுத்தபடியாக நிற்பது கல்வி. அக்கல்வி இன்று திரை வழியாகவும் நடைபெறுவதால் அதைப் பற்றிச் சில செய்திகளை அடியார்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் விளக்குவது கடமை என்று கருதுகிறேன்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. ஆண்டுக் கணக்கைப் பார்வையிட்ட நன்கொடையாளர் ஒருவர் அடியேனிடம் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். “சார், தேவார வகுப்பையும் தமிழ் வகுப்பையும் இணையத்தில நடத்த வாராவாரம் ஆசிரியருக்குச் சன்மானம் கொடுக்கிறோம். ஒரு தடவை நல்லாப் படம் பிடிச்சுப் போட்டுட்டா, பிள்ளைங்க வேணுங்கிறப்பப் பார்த்துக்கலாமே? மிச்சமாகிற காசுல இன்னும் நாலு நல்ல காரியம் செய்யலாமே?” என்றார். அப்போது நான் சுருக்கமாக ஏதோ பதில் சொன்னேன். விரிவான பதில் இக்கட்டுரை.

கடந்து வந்த பாதை

தொலைவிலிருந்து கற்பிப்பது சிங்கப்பூருக்குப் புதியதன்று. 1960களின் பிற்பகுதியிலேயே பள்ளிகளுக்கான கல்வித் தொலைக்காட்சி இங்கே தொடங்கிவிட்டது. 2003-ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோது மார்ச் மாத இறுதியில் பள்ளிகள் மூடப்பட்டன. அந்த அனுபவத்துக்குப் பிறகு, மாணவர்கள் வீட்டிலிருந்தே பாடம் படித்துப் பழகும் நாள்களைப் பள்ளிகள் ஒதுக்கத் தொடங்கின. 2018-இல் கல்வி அமைச்சு ‘மாணவர் கற்றல் தளம்’ என்னும் இணையத்தளத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்தது.

தமிழ் இணையக் கல்வியின் தொடக்கத்திலும் இத்தீவுக்குப் பங்குண்டு. சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான அமரர் நா. கோவிந்தசாமி 1990களிலேயே தமிழைக் கணினித் திரையிலும் இணையத்திலும் ஏற்றப் பாடுபட்டார். அவருடைய முயற்சியால் 1997-இல் முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. 1999-இல் சென்னையில் அடுத்த மாநாடு நடைபெற்றது. அதன் பயனாக 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. உலகெங்கும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மழலைக் கல்வி முதல் பட்டம் வரை இணையத்தில் கற்பிப்பது அதன் நோக்கம். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் இயங்கி வருகின்றது.

பின்னர் வந்தது 2020. கிருமிப் பரவல் முறியடிப்புக் காலம் ஏப்ரல் 7-ஆம் நாள் தொடங்கியது. மறுநாள் முதல் நாட்டிலுள்ள பள்ளி மாணவர்கள் வீட்டிலிருந்தே கற்றனர். முதல் வாரத்திலேயே ஸூம் வகுப்பு ஒன்றில் அந்நியர்கள் புகுந்து தகாத செயல் புரிந்ததால், அம்மென்பொருளின் பயன்பாட்டைக் கல்வி அமைச்சு சிறிது காலம் நிறுத்திவைத்துப் பாதுகாப்பை வலுப்படுத்தியது. ஆலயங்களின் கதவுகளும் அக்காலத்தில் அடியார்களுக்கு மூடியிருந்தன. நாம் பூஜைகளைக் கைத்தொலைபேசித் திரையில் தரிசித்தோம். 2021 தைப்பூசத்தில் காவடியும் பாத ஊர்வலமும் இல்லை.

அந்நாள்களில் திரை வழியே அபிஷேகம் கண்ட அனுபவத்தை அன்பர்கள் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். கண் நிறையக் கண்டோம். ஆனால் அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து போனோம். தொலைபேசி ஒலித்தால் பேசினோம். சந்நிதியில் நின்றிருந்தால் அவ்வாறு செய்திருப்போமா? பெரியவர்களாகிய நம் நிலையே இதுவென்றால், தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பிள்ளையின் மனம் திரையின் முன் எப்படி நிலைத்து நிற்கும்?

பதிவு மட்டும் போதுமா?

2012-ஆம் ஆண்டையொட்டி, உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பாடங்கள் இலவசமாக இணையத்தில் வெளிவந்தன. பேராசிரியர்கள் மிகச் சிறந்தவர்கள், படப்பிடிப்பும் நேர்த்தியானது. இலட்சக்கணக்கானோர் பெயர் பதிந்தனர். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்திய வகுப்புகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரையில், 2017-18-இல் சேர்ந்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேரே படிப்பை முடித்ததாகக் கண்டனர். பாடம் கிடைத்தது, கற்றவர் குறைவு.

தொலைநிலைக் கல்வி அறிஞர் மைக்கேல் மூர் 1989-இல் இதற்கொரு தெளிவான விளக்கம் தந்தார். கற்பவருக்கு மூன்று உறவுகள் வேண்டும் என்றார் அவர்: பாடத்தோடு ஒன்று, ஆசிரியரோடு ஒன்று, உடன் படிப்பவரோடு ஒன்று. பதிவு செய்த காணொளி முதலாவது உறவை மட்டுமே தருகின்றது. பிள்ளை சொன்ன விடை தவறென்றால் திருத்தவும், சரியென்றால் மகிழவும் அதில் எவரும் இல்லை.

தமிழைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பெரியது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர் 3.3 விழுக்காடு. 2020-இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே காலத்தில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குத் தமிழில் வாய்திறக்கும் இடம் வகுப்பு ஒன்றே. அந்த வகுப்பிலும் அப்பிள்ளை ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் மௌனமாக அமர்ந்திருந்தால், அன்று அதன் வாயில் தமிழே வரவில்லை என்று பொருள்.

அடியேன் கற்ற பாடம்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்னும் துணிவோடு 2020-இல் தேவார வகுப்பை இணையத்தில் தொடங்கினேன். முதல் வகுப்பில் ஞானசம்பந்தர் வரலாற்றை முக்கால் மணி நேரம் உருக்கமாகச் சொன்னேன். முடிவில், “ஞானசம்பந்தருக்கு ஞானப்பால் கொடுத்தது யார்?” என்று கேட்டேன். பதில் இல்லை. ஒரு பிள்ளையின் திரையில் காலியான நாற்காலி தெரிந்தது. இன்னொரு பிள்ளை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. குற்றம் பிள்ளைகளுடையதன்று. வகுப்பறையில் ஒரு பிள்ளையின் கண் அலைபாய்ந்தால் குரலை மாற்றுவேன். அருகில் சென்று நிற்பேன். திரையில் அந்த வசதி இல்லை என்பதை உணராமல் பழைய முறையிலேயே பேசிக்கொண்டிருந்தது என் பிழை.

அடுத்த வாரம் எல்லாரும் சேர்ந்து பாடலாம் என்றேன். ஒவ்வொரு வீட்டின் ஒலியும் ஒவ்வொரு கணம் தாமதித்து வந்ததால் ஒரே இரைச்சலாகப் போயிற்று. சுருதிப்பெட்டியின் நாதத்தையோ ஸூம் தேவையற்ற ஓசை என்று எண்ணி அடக்கிவிட்டது. இணையத்தில் சேர்ந்து பாட இயலாது என்பதையும், சுருதி கேட்க வேண்டுமானால் ஒலி அமைப்பை மாற்றி வைக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றேன்.

பயன் தந்த முறைகள்

முதலாவது, பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து இடையிடையே கேள்வி கேட்பது. 2013-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சுமார் 20 நிமிடக் காணொளிப் பாடம் ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் சிறு சோதனை எழுதியவர்களின் மனம் குறைவாகவே அலைபாய்ந்தது. அவர்கள் அதிகக் குறிப்பெடுத்தனர். இறுதியில் கூடுதலாகவும் நினைவில் வைத்திருந்தனர். நாங்களும் ஐந்து நிமிடம் சொல்லி, இரண்டு நிமிடம் கேட்கத் தொடங்கினோம். எல்லாரும் விடையைத் தாளில் எழுதி ஒரே நேரத்தில் கேமராவுக்கு முன் உயர்த்திக் காட்ட வேண்டும். ஒருவரும் ஒளிந்துகொள்ள முடியாது. தவறாக எழுதியவரும் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, பொறுமை. மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி காத்திருந்தால் விடைகள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினர். இணையத்தில் ஒலிவாங்கியைத் திறக்கவும் நேரம் வேண்டும். ஆகவே மனத்துக்குள் பத்து வரை எண்ணிக்கொள்கிறேன்.

மூன்றாவது, பெயர் சொல்லி அழைப்பது. “யாராவது சொல்லுங்கள்” என்றால் யாரும் சொல்வதில்லை. முன்கூட்டியே, “அடுத்த கேள்வி உனக்கு அம்மா” என்று சொல்லிவைத்தால் பிள்ளை ஆயத்தமாகிவிடும். கேமராவைத் திறக்கும்படி வற்புறுத்துவதில்லை. சிறிய அடுக்குமாடி வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே மேசையில் அமர்ந்திருக்கலாம். பின்னால் பாட்டி படுத்திருக்கலாம். குரல் வந்தால் போதும்.

நான்காவது, பாட்டுக்கு ஒரு முறை. ஆசிரியர் பாட, பிள்ளைகள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு உடன் பாடுகிறார்கள். பிறகு சிறு சிறு அறைகளாகப் பிரிந்து ஒவ்வொருவராகப் பாடிக் காட்டுகிறார்கள். இதில் எதிர்பாராத நன்மை ஒன்று கிட்டியது. நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் ழகரத்துக்கு நா வளைவது கடைசி வரிசைக்குத் தெரியாது. திரையிலோ ஆசிரியரின் வாய் ஒவ்வொரு பிள்ளைக்கும் அருகில் தெரிகின்றது. பிள்ளையின் வாயும் ஆசிரியருக்குத் தெரிகின்றது. லகரமும் ளகரமும் தடுமாறிய பிள்ளைகள் சிலர் இணையத்தில்தான் திருந்தினர்.

இல்லத்தாரின் கடமை

பிள்ளையின் அருகில் பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் அமர்ந்தாலே வகுப்பின் தன்மை மாறிவிடுகின்றது. பாடத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும், “இன்னிக்கு என்ன படிச்சே, தாத்தாவுக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டு” என்று தமிழில் கேட்டால் போதும். பிள்ளை மீண்டும் ஒருமுறை நினைவுகூர்கின்றது. வீட்டில் கால் மணி நேரம் தமிழ் ஒலிக்கின்றது. தாத்தா பாட்டியர்க்குத் தொழில்நுட்பம் தெரியாதே என்ற கவலை வேண்டா. கேட்பதற்குக் காது போதும்.

நேரில் நடக்கும் வகுப்புக்கு இணைய வகுப்பு ஈடாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விபூதி தரித்துச் சந்நிதி முன் அமர்ந்து பாடும் உணர்வை எந்தத் திரையும் தராது. ஆகவே பண்டிகை நாள்களிலும் மாதம் ஒருமுறையும் பிள்ளைகள் ஆலயத்துக்கு வந்து பாடும்படி வைத்திருக்கிறோம். ஆயினும் ஊட்லண்ட்ஸிலோ ஜூரோங்கிலோ வசித்துக்கொண்டு, பெற்றோர் இருவரும் முறைவேலைக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளையை வாராவாரம் தேக்காவுக்கு யார் அழைத்து வருவது? அப்பிள்ளைக்கு இணைய வகுப்பு இல்லையென்றால் வகுப்பே இல்லை.

நன்கொடையாளர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பதிவுகளை நாங்கள் வேண்டாமென்று ஒதுக்கவில்லை. வகுப்புக்கு வர இயலாத பிள்ளைக்கும், பாட்டை மீண்டும் கேட்டுப் பழகவும் அவை மிகவும் பயன்படுகின்றன. ஆனால் பதிவு பிள்ளையின் குரலைக் கேட்பதில்லை. தாங்கள் வழங்கும் பொருள் பாடம் சொல்வதற்கு மட்டும் செலவாகவில்லை; பிள்ளை சொல்வதைச் செவிமடுப்பதற்கும் செலவாகின்றது. இதை அவரிடம் விளக்கியபோது சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்படின்னா கேட்கிறதுக்கு என்னையும் சேர்த்துக்குங்க சார். சனிக்கிழமை காலையில நான் சும்மாதான் இருக்கேன்” என்றார். இப்போது சிறு அறை ஒன்றில் மூன்று பிள்ளைகள் அவரிடம் பாடம் ஒப்பிக்கிறார்கள்.

அவரைப் போன்று இன்னும் சிலர் முன்வர வேண்டும் என்பதே இம்மலர் வாயிலாக அடியேன் விடுக்கும் வேண்டுகோள். பொருளால் உதவுவோர் பொருளால் உதவுக. நல்ல நிலையிலுள்ள பழைய மடிக்கணினி இருப்போர் அதனை அளிக்கலாம். நேரம் உள்ளோர் வாரம் அரை மணி நேரம் தம் செவியை அளிக்கலாம். பாடும் பிள்ளைக்குக் கேட்போர் ஒருவர் இருந்தால் அப்பிள்ளை தொடர்ந்து பாடும்.