கண்ணில்லாத் துப்பாக்கி

மலையகத்தில் மரக்கறியும் வாழையும் மரவள்ளியும் விளைந்து நிற்கும் காலமெல்லாம் விவசாயிக்கு உறக்கமற்ற காலமே. பகலில் குரங்குகளும், இரவில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வந்து பல மாத உழைப்பைச் சில மணிநேரத்தில் அழித்துச் செல்கின்றன. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிடங்கள், விளைநிலங்களுக்கு வரும் குரங்கு, மந்தி, மயில், மலை அணில் ஆகியவற்றை நாடு முழுவதிலும் எண்ணிக் கணக்கெடுக்க அரசாங்கம் முன்வந்தமையே இப்பிரச்சினையின் பருமனைக் காட்டப் போதுமானது. பன்வில, மடுல்கலை, ரங்கலை, கலஹா, தெல்தெனிய என்று கண்டியைச் சூழவுள்ள ஊர்களில் இதுபற்றிப் பேச்செழும்போது முன்வைக்கப்படும் வினா ஒன்றுண்டு. துப்பாக்கி வைத்துக் கொள்வதாயின் எந்தத் துப்பாக்கி, எந்த அளவு என்பதே அது.

அந்த வினாவுக்குத் தொழில்நுட்ப ரீதியான விடை உண்டு. ஆயினும் அவ்விடையை முழுமையாக அறிந்து கொள்பவர், துப்பாக்கியின் அளவைவிட அதன் பின்னால் ஒரு மனிதக் கண் இருக்கிறதா என்பதே முதன்மையானது என்பதையும் அறிந்து கொள்வார்.

முதலில் அளவு பற்றிய விளக்கம். துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தையே கலிபர் என்கிறோம். .22 என்றால் ஓர் அங்குலத்தின் நூறில் 22 பங்கு, அதாவது சுமார் 5.6 மில்லிமீற்றர். .303 என்றால் சுமார் 7.7 மில்லிமீற்றர். சன்னங்களைச் சிதறும் துப்பாக்கிகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவற்றின் அளவு பழைய இறாத்தற் கணக்கில் அமைந்தது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அதுவே 12 அளவுத் துப்பாக்கி. நம்மூர்ப் பேச்சில் இது ‘போர 12’ எனப்படுகிறது. இதன் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீற்றர். பதினாறு உருண்டைகளாக வார்த்தால் உருண்டை சிறுக்கும். ஆகவே 16 என்பது 12 ஐ விடச் சிறிய துப்பாக்கி. எண் பெருகினால் பலம் பெருகும் என்று கருதுவோர் இங்கு ஏமாந்து போவர்.

நோக்கத்துக்கேற்பவே அளவு தெரிவு செய்யப்பட வேண்டும் என்பதற்கு அமெரிக்கா ஒரு நல்ல உதாரணம். அங்கு 1980 களில் கலிபோர்னியாவில் தோன்றிய விளையாட்டொன்றில், பங்குபற்றுவோர் மாட்டிடையர் உடையணிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாணியிலான றிவோல்வர், நெம்புகோல் றைபிள், இரட்டைக்குழல் துப்பாக்கி ஆகியவற்றால் இரும்புத் தகடுகளைச் சுடுவர். வேகமே வெற்றியைத் தீர்மானிப்பதால், பின்னுதைப்புக் குறைந்த .38 போன்ற மென்மையான தோட்டாக்களைப் பலர் விரும்புகின்றனர். அதே நாட்டில் கரடிகள் வாழும் காட்டுக்குள் செல்பவர் .44 மக்னம் றிவோல்வரையோ, ஒற்றைக் கனத்த குண்டு நிரப்பிய 12 அளவுத் துப்பாக்கியையோ நாடுகிறார். தோற்றத்தில் ஒத்த ஆயுதங்களாயினும், ஒன்று தகட்டில் ஒலியெழுப்பப் போதுமானது. மற்றையது பாய்ந்து வரும் பெருவிலங்கை நிறுத்த வேண்டியது. எனவே எதைச் சுடுவது, எவ்வளவு தூரத்தில், குண்டு குறி தவறினால் எங்கு போய் விழும் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே எந்தத் துப்பாக்கி என்ற வினா எழ வேண்டும்.

கண்டிக்குத் துப்பாக்கி புதியதன்று. 1638 இல் பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொருவையில் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்தபோது அம்பும் வில்லும் மட்டுமன்றித் துப்பாக்கிகளும் அப்படையிடம் இருந்தன. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்று, 2023 இல் நெதர்லாந்து திருப்பியளித்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறிய பீரங்கி இந்நாட்டின் கலைத்திறனுக்குச் சான்றாக நிற்கிறது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கி மலைநாட்டின் காடுகளையே மாற்றியமைத்தது. 1,400 க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படும் மேஜர் றொஜர்ஸ் 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். வேட்டையாலும் கோப்பிக்காகக் காடழித்ததாலும் மத்திய மலைநாட்டில் யானைக் கூட்டங்கள் இல்லாதொழிந்தன. பெருவிலங்குக்கான பெருந்துப்பாக்கிக்கு இன்று இம்மலைகளில் வேலையில்லை.

இன்று விளைநிலத்துக்கு வருவது காட்டுப்பன்றி. சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்குகளின் வரிசையில் அது இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்காக மாவட்டச் செயலாளரூடாக அனுமதிப்பத்திரம் பெறக்கூடிய துப்பாக்கியும் பெரும்பாலும் இந்தப் ‘போர 12’ வகையே. இதற்குரிய தோட்டாக்கள் பலவகை. எஸ்.ஜீ. எனப்படும் தோட்டாவில் ஒவ்வொன்றும் சுமார் 8.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒன்பது சன்னங்கள் வரை இருக்கும். 4 ஆம் இலக்கத் தோட்டாவில் சுமார் 3 மில்லிமீற்றர் அளவிலான சிறு சன்னங்கள் நூற்றுக்கு மேல் நிறைந்திருக்கும். பின்னையது பறவைகளுக்குரியது. அதனால் பன்றியைச் சுட்டால் அது சாகாது. காயத்துடன் ஓடிப் புதரில் பதுங்கிப் பின்னர் எதிர்ப்படுபவரைத் தாக்கும். எஸ்.ஜீ. தோட்டாவும் ஏறத்தாழ 30 மீற்றருக்குள்ளேயே நம்பத்தக்கது. அதற்கப்பால் சன்னங்கள் பரந்து, ஒன்றிரண்டே இலக்கில் படும். எஞ்சியவை பல நூறு மீற்றர் வரை செல்லக்கூடியவை.

.22 றைபிளின் குண்டு சிறியதாயினும் ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் வரை பறக்கக் கூடியது. ஒரு சரிவில் தோட்டமும், எதிர்ச் சரிவில் லயன் குடியிருப்பும், நடுவே பாடசாலைப் பாதையும் அமைந்த மலைநாட்டில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 4.5 அல்லது 5.5 மில்லிமீற்றர் குண்டைச் செலுத்தும் காற்றுத் துப்பாக்கி குரங்கை விரட்டப் போதும் என்பர். அது பெரும்பாலும் கொல்வதில்லை. கண்ணைக் குருடாக்கியும் உடலில் சீழ்ப்பிடிக்கச் செய்தும் விலங்கை வதைக்கிறது. செங்குரங்கு உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் இனம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆபத்தான விலங்குகள் பற்றிய அச்சம் வேறு. கண்டி மலைகளில் இன்று கரடி இல்லை. எனினும் மாத்தளை, பொலனறுவை மாவட்டங்களில் பரந்துள்ள வஸ்கமுவ தேசியப் பூங்காப் பகுதியில் அது வாழ்கிறது. தேனெடுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டுக்குள் செல்வோர், பாறையிடுக்கில் உறங்கும் கரடியையோ, பாலைப்பழம் தின்னும் கரடியையோ சில அடி தூரத்தில் திடீரென எதிர்ப்படும்போதே பெரும்பாலான தாக்குதல்கள் நிகழ்கின்றன. முகத்தையும் தலையையும் குறிவைத்துப் பாயும் அவ்விலங்கின் முன்னால், தோளிலுள்ள துப்பாக்கியை எடுத்துக் குறிபார்க்க அவகாசம் கிடைப்பதில்லை.

இது ஊகமன்று. அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை துப்பாக்கி வைத்திருந்தோர் கரடியை எதிர்கொண்ட 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012 இல் வெளியான ஆய்வு, துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயமடைவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே கண்டது. கூட்டமாகச் செல்வது, உரக்கப் பேசிக் கொண்டே நடப்பது, புதர்களையும் குகைகளையும் அண்டாதிருப்பது ஆகியவையே நமது காடுகளில் கைகொடுக்கும் காப்பு. கரடியும் சிறுத்தையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதால், அவற்றைக் கருதித் துப்பாக்கி தேடுவதில் பொருளுமில்லை.

இதுவரை கூறியவை யாவும் மனிதன் கையிலேந்தும் துப்பாக்கி பற்றியவை. மலையகத்தை உண்மையில் அச்சுறுத்துவது வேறொன்று. கட்டுத்துப்பாக்கி என்று நாம் அழைக்கும் அது, மரத்திலோ முளையிலோ கட்டப்பட்டு, பாதைக்குக் குறுக்கே இழுக்கப்பட்ட கம்பியில் எதன் கால் பட்டாலும் வெடிப்பது. அதற்குக் கலிபர் என்று திட்டமான ஒன்றில்லை. கிடைத்த இரும்புக் குழாயே குழல். கிடைத்த ஈயமும் இரும்புத் துண்டுமே குண்டு. வருவது பன்றியா, தோட்டத்து மாடா, கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்ணா, பாடசாலைப் பிள்ளையா என்று அது பார்ப்பதில்லை. அதற்குக் கண் இல்லை.

பன்றியின் உயரத்துக்கு வைக்கப்படுவதால் மனிதரில் அது பெரும்பாலும் காலையே தாக்குகிறது. மிக அண்மையிலிருந்து வெடிப்பதால் எலும்பு நொறுங்கி, மண்ணும் துணியும் தும்பும் வெடிமருந்துக் கரியும் தசைக்குள் புகுகின்றன. காலை இழக்க நேர்வது அக்காயத்தினால் மட்டுமன்று. அதைத் தொடரும் கிருமித் தொற்றினாலும், வைத்தியசாலையை அடையும் தாமதத்தினாலுமாகும். ஆகவே சில விடயங்களை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். சுத்தமான துணியால் காயத்தை அழுத்தி இரத்தத்தை நிறுத்த வேண்டும். உள்ளே தெரியும் துண்டுகளைப் பிடுங்கக் கூடாது. காலைப் பலகையொன்றுடன் சேர்த்துக் கட்டி அசையாது வைத்து உடனே கொண்டு செல்ல வேண்டும். பொலிஸ் விசாரணைக்கு அஞ்சி, கட்டையில் விழுந்ததாகவோ கல் பட்டதாகவோ வைத்தியரிடம் கூறுவது பேராபத்து. உண்மையைச் சொன்னால்தான் உரிய சிகிச்சை உரிய நேரத்தில் கிடைக்கும்.

கட்டுத்துப்பாக்கியின் உடன்பிறப்பு சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டும் மூன்று நாட்களில் உயிரிழந்ததை நாடறியும். பன்றிக்கு வைத்த கம்பி சிறுத்தையைக் கொல்வது விவசாயிக்கே இழப்பு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மலையகச் சிறுத்தையின் உணவில் காட்டுப்பன்றிக் குட்டியும் முள்ளம்பன்றியும் குரங்கும் அடங்கும். கூலி கேளாத காவலாளியைக் கொன்றுவிட்டுப் பயிருக்குக் காவல் தேடுகிறோம்.

அனுமதியின்றித் துப்பாக்கி தயாரிப்பதும் வைத்திருப்பதும் 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். அப்படியிருந்தும் மக்கள் ஏன் இவ்வழியை நாடுகின்றனர்? விடை எளிது. சட்டபூர்வமான துப்பாக்கிக்கு விலை உண்டு, விசாரணை உண்டு, ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் அலைச்சல் உண்டு. லயன் அறைக்குப் பின்னால் துண்டு நிலத்தில் மரக்கறி பயிரிடும் தோட்டத் தொழிலாளிக்கோ, பயிர்ப் பாதுகாப்பு என்று கூறித் துப்பாக்கி கேட்பதற்குத் தன் பெயரில் காணியே இல்லை. பகலெல்லாம் மலையேறி உழைத்தவர் இரவெல்லாம் விழித்துக் காவலிருக்கவும் இயலாது. தான் உறங்கும்போது தனக்காக விழித்திருக்கும் ஒன்றையே அவர் தேடுகிறார். கட்டுத்துப்பாக்கியும் சுருக்குக் கம்பியும் அப்படித்தான் அவரது கைக்கு வருகின்றன. அதே கம்பியில் அடிபடுவதும் விறகுக்குச் செல்லும் இன்னொரு தொழிலாளியே. ஏழையின் கருவி ஏழையையே முடமாக்குகிறது.

துப்பாக்கிகளைப் பெருக்குவது இதற்குத் தீர்வாகாது. 1971 இலும் 1980 களின் பிற்பகுதியிலும் கிராமத்து வீடுகளிலிருந்த துப்பாக்கிகள் கிளர்ச்சியாளர் கைக்கு மாறிய வரலாற்றை இந்நாடு மறந்துவிடவில்லை. தனிப்பட்ட பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு பணித்ததும் கவனத்துக்குரியது. வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்கம்பியில் பாய்ச்சுவது அதனினும் கொடியது. அதுவும் கண்ணில்லாக் கருவியே.

செய்யத்தக்கவை பலவுண்டு. தனித்தனியே காவல் காப்பதை விட, அயல் நிலங்களை ஒன்றிணைத்து, அனுமதிப்பத்திரமும் பயிற்சியும் பெற்ற ஓரிருவரின் பொறுப்பில் முறைவைத்துக் காவல் காப்பது செலவையும் ஆபத்தையும் குறைக்கும். கல்லணை, நெருக்கமான உயிர்வேலி, உரிய தரத்திலான குறைசக்தி மின்வேலி ஆகியவற்றுக்குக் கடனும் மானியமும் தோட்டக் குடும்பங்களுக்கும் எட்ட வேண்டும். காணி உறுதி இல்லை என்பது பயிரழிவுக்கான உதவியை மறுக்கும் காரணமாக இருத்தலாகாது. தோட்ட நிர்வாகங்கள் தமது எல்லைக்குள் கம்பிகளைத் தேடி அகற்றுவதை வழமையான வேலையாகக் கொள்ள வேண்டும். சுருக்கில் சிறுத்தையைக் காண்பவர் கூட்டம் கூட்டாது வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். மயக்க ஊசி பாய்ந்த பின்னரும் மருந்து வேலை செய்யப் பல நிமிடங்கள் எடுக்கும். அந்த நிமிடங்களில் அருகே நிற்பவரே காயமடைவார்.

எந்தத் துப்பாக்கி நல்லது என்ற வினாவுக்கு நேர்மையான விடை இதுதான். குறியையும் குறிக்குப் பின்னாலுள்ளதையும் பார்த்து, ஐயம் எழும்போது விசையிலிருந்து விரலை எடுக்கத் தெரிந்தவர் கையிலுள்ள துப்பாக்கி மட்டுமே ஓரளவுக்கேனும் நல்லது. அந்த விரலும் கண்ணும் இல்லாத கருவிகள் நமது மலைப்பாதைகளில் இன்றிரவும் கட்டப்படக்கூடும். அவற்றை அவிழ்க்கும் பொறுப்பு பொலிஸாருடையது மட்டுமன்று. தொழிலாளிக்குப் பயிரைக் காக்க வேறு வழி காட்டாத நிர்வாகங்களும் அரசும், அயலவரின் காலை எண்ணிப் பாராது கம்பி கட்டும் ஒவ்வொருவரும் அதில் பங்காளிகளே.